வண்டிப்பேட்டைக்கும் தெற்கு

போன மாசியில் எங்கள் கடையை விற்றுவிடுவது என்று முடிவானது. முடிவுக்கு ஒரு ராத்திரிதான் பிடித்தது. தாய்ப்பத்திரம் கைக்குக் கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. அம்மாவின் பீரோவில் இல்லை, சித்தப்பா வீட்டுப் பரணில் இல்லை. கடைசியில் கடையிலேயே, கல்லாப்பெட்டிக்குப் பின்னால், ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. கூடவே இன்னும் இரண்டு பத்திரங்கள், எலி ஓரம் தின்ற ஒரு கணக்கு நோட்டு, 'கடலைப் புண்ணாக்கு' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு தகரப் பலகைத் துண்டு.

பொள்ளாச்சியில், மார்க்கெட்டுக்குப் போகிற பக்கம், எங்கள் அப்பாரு நடத்திய புண்ணாக்கு, பருத்திக்கொட்டைக் கடை அது. அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் சித்தப்பா. நான் கடையில் உட்கார்ந்தது பள்ளிக்கூட லீவு நாட்களில் மட்டும், அதுவும் மூட்டை மேல்.

பத்திரத்தை வக்கீலிடம் கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். புள்ளி, கமா எதுவும் கிடையாது. மூச்சு விடாமல் ஓடுகிற எழுத்து. முதல் பக்கம் முழுக்க யார் மகன் யார், யாருக்கு எந்தக் கடன் பாக்கி என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. சொத்து விவரம் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. 'இதற்குச் செக்குபந்தி', அதாவது நாலு பக்கத்து எல்லை, என்று தொடங்கும் நாலு வரி.

செக்குபந்தியை அதுவரை நான் நின்று படித்ததில்லை. நம் இடத்துக்கு வடக்கே இன்னது இருக்கிறது என்று அது சொல்வதில்லை. 'வண்டிப்பேட்டைக்கும் தெற்கு, கடலைக்காய் மண்டிக்கும் கிழக்கு, காப்பி கிளப்புக்கும் வடக்கு, தென்வடல் வீதிக்கும் மேற்கு. இதன் மத்தியில் தென்வடல் ஜாதியடி 22, கிழமேல் ஜாதியடி 60' என்று சொல்கிறது. பக்கத்துக்காரன் யார் என்று தெரிந்தால்தான் நம் இடம் தெரியும். நமக்கென்று தனியாக ஒரு அடையாளமும் அதில் இல்லை.

மூன்று பத்திரங்களையும் தரையில் விரித்து வைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கிற இடம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுற்றி இருப்பவைதான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆட்களின் பெயரை விட்டுவிடுகிறேன். வாரிசுகள் ஊரில் இருக்கிறார்கள், பாதிப் பேர் எனக்கு முறையும் வேண்டும். தொழில்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டிப்பேட்டை. இன்றைய கணக்கில் லாரி ஸ்டாண்டு, பெட்ரோல் பங்கு, லாட்ஜு மூன்றும் சேர்ந்த இடம் அது. ராத்திரி மாட்டை அவிழ்த்துக் கட்டலாம், தொட்டியில் தண்ணீர் காட்டலாம், லாடம் அடிக்க ஆள் இருக்கும், வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுத்துவிடலாம். எங்கள் அப்பாரு அந்தப் பேட்டைக்கு ஒட்டி இடம் வாங்கியதற்கு இதுதான் காரணம். வண்டி நிற்கிற இடத்தில் மாடு நிற்கும், மாடு நிற்கிற இடத்தில் புண்ணாக்கு விற்கும். கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறார் மனுஷன்.

பொள்ளாச்சிக்கு வண்டி வந்தது நேற்று முந்தாநாள் அல்ல. மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் மாதிரி திறந்திருக்கிறது, நம் ஊர் அந்த வாசலுக்கு உள்பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. 1800ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தச் சீமையைச் சுற்றிக் குறிப்பெழுதிய பிரான்சிஸ் புகானன் இங்கேயும் வந்தார். அதற்குச் சற்று முன்புதான் இந்தப் பக்கத்தில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக்காசுகள் தோண்டி எடுத்திருந்தார்கள். அகஸ்டஸ் காசுகள், டைபீரியஸ் காசுகள். அவருக்கும் ஆறு காசு கிடைத்தது. புதைத்தவன் திரும்பி வந்து எடுக்கவில்லை. பானைக்குச் செக்குபந்தி எழுதி வைத்திருந்தால் அவன் பேரனாவது எடுத்திருப்பான்.

பேட்டை என்ற சொல் இந்த ஊரில் இன்னும் ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது: மரப்பேட்டை. ஆனைமலைத் தேக்குக்கு ஒரு காலத்தில் பம்பாய்க் கப்பல்தளம் வரைக்கும் கிராக்கி. மேலே வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்குத்தான் டாப்ஸ்லிப் என்று பேர். இப்போது அங்கே யானை பார்க்கப் போகிறோம். மரப்பேட்டை வழியாகத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேரில் மரம் தெரியும் என்று தெரியவில்லை. ராஜாமில் ரோட்டுக்கும் அதே கதிதான்.

ரயில் வந்து வண்டியை ஒழித்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் நடந்தது அப்படி அல்ல. போத்தனூரிலிருந்து மீட்டர்கேஜ் 1915இல் பொள்ளாச்சிக்கு வந்தது. 1928இல் பழனி வழியாகத் திண்டுக்கல் வரைக்கும் நீண்டது, 1932இல் பாலக்காட்டுக்கும் பாதை விழுந்தது. மூன்று திசையிலும் ரயில் ஓடிய பிறகுதான் எங்கள் அப்பாரு வண்டிப்பேட்டையை நம்பி இடம் வாங்கியிருக்கிறார். காரணம் எளிது. ரயில் ஸ்டேஷனுக்கு வரும், மண்டிக்கு வராது. கிராமத்திலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து ஸ்டேஷனுக்கும் மூட்டை போக வேண்டுமே. ரயில் வந்ததால் வண்டிக்கு வேலை கூடியது. அப்பாரு வாயால் கேட்டது இது: தை, மாசியில் கடலைக்காய் வண்டி ஸ்டேஷன் வரைக்கும் வரிசை கட்டி நிற்குமாம், அச்சு முறிந்த ஒரு வண்டியால் முழு வீதியும் அரை நாள் அடைத்துக்கொள்ளுமாம்.

பஸ்ஸும் வண்டியை உடனே ஒழிக்கவில்லை. ஜி.டி. நாயுடு தன் முதல் பஸ்ஸை 1920இல் ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான். கோவைக்காரர்கள் அவரைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டாலும் முதல் டிக்கெட் கிழிந்த தடம் எங்களுடையது. 1931இல் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். ஏ.பி.டி. என்றால்தான் ஊரில் தெரியும். 1970களில் பஸ்கள் அரசுடைமையாகிச் சேரன் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகும், எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சாகும்வரை பச்சை பஸ்ஸோ சிவப்பு பஸ்ஸோ எல்லாவற்றையும் 'ஏபிட்டி' என்றுதான் சொன்னாள்.

வண்டியை ஒழித்தது லாரி. இரண்டாம் பத்திரம் அதற்குச் சாட்சி. கடைக்குப் பின்னால் கிடங்கு கட்ட ஒரு துண்டு இடம் வாங்கியபோது எழுதியது, முத்திரைத்தாளில் ராஜா தலை போய்ச் சிங்கத் தலைகள் வந்துவிட்டன. 'பழைய வண்டிப்பேட்டை, தற்காலம் லாரி ஆபீசுக்கும் தெற்கு' என்று அதில் இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது. காப்பி கிளப் 'ஓட்டல்' ஆகியிருக்கிறது. இன்னொரு புது வரியும் உண்டு: 'எலெக்ட்ரிக் சர்வீஸ், டிபாசிட் தொகை சகிதம்'. முதல் பத்திரத்தில் கதவு, நிலவு (நிலைச்சட்டம்) மட்டும்தான். பைக்காரா மின்சாரம் 1932இல் பிறந்து கோவை மில்களுக்கும் கிணற்று மோட்டாருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடைக்குள் அது நுழைந்தது வெகு நாள் கழித்து. அப்பாரு அரிக்கன் லாம்பை அணைத்துவிட்டுத்தான் பல்பைப் போடச் சொல்வாராம். இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தால் தண்டச் செலவாம்.

அந்தக் காப்பி கிளப்பைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் நெய் ரோஸ்ட் வாசம் வரைக்கும் சொல்வார்கள். சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். பின்பக்கம் ஒரு சந்து இருந்தது, மூட்டை தூக்குகிறவர்களில் சிலருக்குக் காப்பி அந்தச் சந்தில்தான், தனி டம்ளரில். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். "எங்கய்யன் கடை மூட்டையத்தான் தூக்குனாங்க. நாங்க முன்னாடி ஒக்காந்து குடிச்சோம்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. செக்குபந்தியில் அந்தச் சந்து 'மாமூல் வழிநடைப் பாதை' என்று வருகிறது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். ஊரில் ஓடு வேய்ந்த எதைக் கேட்டாலும் 'வெள்ளைக்காரன் கட்டினதுங்க' என்பார்கள். வெள்ளைக்காரன் பொள்ளாச்சியில் புண்ணாக்குக் கடை கட்டவில்லை. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கட்டியவர்கள் உள்ளூர் ஒட்டர்களும் கொத்தனார்களும். வெள்ளைக்காரன் பங்கு கூரையில்தான் இருக்கிறது. பேசல் மிஷன் பாதிரிமார்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தார்கள், பிறகு பாலக்காட்டிலும் பரோக்கிலும் வைத்தார்கள். அதனால்தான் இது 'சீமை ஓடு'. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருவதால் எங்களுக்குச் சல்லிசு. ஓட்டைத் திருப்பினால் அடியில் தொழிற்சாலையின் பேர் அச்சாகி இருக்கும். ஆடிக்காற்று கணவாய் வழியே இரைந்து வரும்போது ஓரத்து ஓடு நாலைந்து பறப்பது வருஷாந்திரச் செலவு. அதற்கென்றே அப்பாரு பின்கட்டில் உபரி ஓடு அடுக்கி வைத்திருந்தார்.

முன்பக்கம் ஷட்டர் கிடையாது, பலகைகள். பதினொரு பலகை. ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் கீறிய எண். மேலே ஒரு காடி, கீழே ஒரு காடி. ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகச் செருகித் தள்ளி, கடைசிப் பலகைக்கு இரும்புப் பட்டை போட்டுப் பூட்ட வேண்டும். நடுவில் ஒன்று முன்பின் ஆனால் கடைசிப் பலகை உள்ளே போகாது. லீவில் கடை அடைப்பது என் வேலை. ஆறும் ஒன்பதும் எனக்குத் தகராறு. தலைகீழாகப் பிடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதானே. மழைக்காலத்தில் பலகை ஊதிக்கொள்ளும், அப்போது முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். 1990களில் எல்லோரும் ஷட்டர் போட்டார்கள். நாங்கள் போடாததற்குக் காரணம் பழமைப் பற்று அல்ல, காசு இல்லை.

செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை. அந்த இரண்டு நாள் வியாபாரம்தான் வாரத்தைத் தாங்கும். பாலக்காடு, திருச்சூர்ப் பக்கத்து வியாபாரிகள் விடியும் முன்பே வந்துவிடுவார்கள். தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியாது, துண்டு மட்டும் அசையும். மாடு வாங்கியவர் போகிற வழியில் எங்களிடம் ஒரு மூட்டை வாங்குவார். அப்பாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். மலையாளத்தில் கடன் மட்டும் கொடுக்க மாட்டார், மற்ற எல்லாம் பேசுவார்.

இனி அந்தக் கடலைக்காய் மண்டி. இந்த ஊரின் கதை என்னைப் பொறுத்தவரை அதில்தான் இருக்கிறது. செம்மண் மானாவாரிக் காட்டில் விளைந்த கடலைக்காய் மூட்டையாக ஊருக்குள் வந்தது. மண்டியில் இறங்கியது, மெஷினில் உடைந்தது, பருப்பு ஒரு பக்கம் எண்ணெய் மில்லுக்குப் போனது, மில்லில் பிழிந்த சக்கை எங்கள் கடைக்கு வந்தது. தோல்கூட அடுப்புக்குப் போனது. ஒரு மூட்டைக் கடலைக்காயை நம்பி வீதியில் எத்தனை கூரை நின்றது என்று எண்ணிப் பாருங்கள்: மண்டி, சாக்குக் கடை, எடைபோடுகிறவர், மில், புண்ணாக்குக் கடை, காப்பி கிளப், வண்டிப்பேட்டை. விற்ற காசோடு விவசாயி ஊருக்குள் நின்றான். அதனால் ஜவுளிக்கடையும் பாத்திரக்கடையும் நகைக்கடையும் பக்கத்திலேயே முளைத்தன.

பிறகு தண்ணீர் வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், 1958 நவம்பர் முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. அணையும் வாய்க்காலும் கட்டித் தண்ணீர் ஓடிய பிறகு பத்திரம் எழுதிக்கொண்டார்கள். உள்ளூர்க் கிரயங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்தே தண்ணீர் விடுகிறார்கள் என்றாலும், கிணற்றில் ஊறியது ஒரு பெரிய லாபம். காடு தோட்டம் ஆனது. தோட்டத்தில் கொஞ்ச நாள் கடலையும் பருத்தியும் ஓடிப் பார்த்துவிட்டு, ஆள் கூலி ஏற ஏற, எல்லோரும் தென்னைக்கு மாறினார்கள். நாங்களும் மாறினோம்.

தென்னையில் காசு வந்தது. அதைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். நான் படித்ததே தேங்காய்க் காசில். ஆனால் கடலைக்காய் ஊருக்குள் வந்தது மாதிரி தேங்காய் வரவில்லை. வியாபாரி லாரியோடு தோட்டத்துக்கே வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போகிறார். கொப்பரை காய வெயிலும் விரிந்த களமும் வேண்டும், அது ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். நார் மில்லும் அங்கேதான். இளநீர் நேராக வடக்கே போகிறது. ஊருக்கு நடுவில் இருந்த மண்டிகளுக்கு ஒரே தலைமுறையில் வேலை போய்விட்டது. யாரும் மூடவில்லை, யாரும் துரத்தவில்லை. மூட்டை வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் மண்டிக் கூரைக்கு அடியில் என்னென்னவோ நடந்தது. எங்கள் மேற்குப் பக்கத்து மண்டி முதலில் சிமென்ட் கிடங்கு, பிறகு கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற இடம், பிறகு பைனான்ஸ். அப்பாவும் சித்தப்பாவும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில், அதுதான் மூன்றாவது, 'நிதி நிறுவனக் கட்டடத்துக்கும் கிழக்கு' என்று வருகிறது. கொங்கு நாட்டில் காலியாகிற கூரைக்குள் முதலில் நுழைவது பைனான்ஸ்தான். மேசை ஒன்று, நோட்டு ஒன்று, சாமி படம் ஒன்று போதும்.

எங்கள் கடையும் மெலிந்தது. கம்பெனி மாட்டுத்தீவனம் அச்சடித்த மூட்டையில் பால் சொசைட்டி வழியாகவே வீட்டுக்கு வந்தது. காங்கேயம் காளை இழுத்த வண்டியும் ஏரும் போய், தீனி கேட்கிற மாடே குறைந்தது. சித்தப்பா கடைசிப் பத்து வருஷமாகப் புண்ணாக்கு விற்றதைவிட, முன்பக்கத்தில் பாதியை மொபைல் ரீசார்ஜ் கடைக்கு வாடகைக்கு விட்டதில்தான் ஓட்டினார்.

பழைய கட்டடம் இடிகிறபோதெல்லாம் ஒரு கூட்டம் படம் போட்டு நாகரிகத்தைத் திட்டுகிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எங்கள் ஊர்க் கடைவீதியை இடித்தது நாகரிகம் அல்ல, பாகம். 22 அடி அகலக் கடை இரண்டு பேருக்கு 11 அடி ஆகும். அவர்கள் பிள்ளைகளுக்கு ஐந்தரை. ஐந்தரை அடியில் மூட்டை அடுக்க முடியாது, பலகைக் கதவு போட முடியாது, கூரையை நடுவில் அறுத்து யார் பங்கு ஓட்டை யார் மாற்றுவது என்று தீராது. எங்கள் கூரை ஒழுகியபோது சித்தப்பா பக்கம் தார்ப்பாய், எங்கள் பக்கம் தகரம். ஆறு வருஷம் அப்படியே கிடந்தது. விற்றுக் காசாகப் பிரித்துக்கொள்வதுதான் சண்டை இல்லாத வழி. நான்தான் முதலில் சொன்னேன், விற்றுவிடலாம் என்று. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனில் சொன்னேன்.

வில்லங்கம் பார்த்து, விலை பேசி, ஒரு முகூர்த்த நாளில் பத்திர எழுத்தர் முன்னால் போய் உட்கார்ந்தோம். வாங்குகிறவர் ஜவுளி வியாபாரி, நல்ல மனிதர், சித்தப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எழுத்தர் கம்ப்யூட்டரில் பழைய பத்திரத்தைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தார். செக்குபந்தி வந்தது.

"வடக்கால யாருங்க?"

லாரி ஆபீஸ் போய்க் கொஞ்ச நாள் ஒயின்ஷாப்பாக இருந்தது, அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை. நான் யோசிக்கும் முன்பே ஜவுளிக்காரர், "அது நம்முளுதுதானுங்க, போன வருசம் எழுதுனது" என்றார். ஓட்டல்?

"அதும் ஆயிப்போச்சுங்க, ஆவணியில."

மேற்கே மண்டி, அதாவது பைனான்ஸ்? அவர் சிரித்தார். எழுத்தர் முதல் வரியை அடித்தார், அதையே காப்பி எடுத்து இரண்டு தடவை ஒட்டித் திசையை மட்டும் மாற்றினார். 'தங்கள் சொத்துக்கும் தெற்கு, தங்கள் சொத்துக்கும் கிழக்கு, தங்கள் சொத்துக்கும் வடக்கு.' பழைய வண்டிப்பேட்டை என்று அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று கேட்டேன். "சர்வே நெம்பர் இருக்குதுங்களே, அது போதுங்க" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அந்த நாலு வரியில் விரல் நின்றது.

"மூணு பக்கமும் அவுங்களேதானா?"

"ஆமாங்க சித்தப்பா."

"கெழக்கால?"

"வீதிங்க."

"அது இருக்குதா" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.